சரக்கும் சாதியும்: வீரபாண்டியிலிருந்து பார்த்தால்

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகம் முதலாளியிடமிருந்து தொடங்குவதில்லை. தொழிற்சாலையிலிருந்தும் தொடங்குவதில்லை. சரக்கிலிருந்து தொடங்குகிறது. அதில் அவர் திரும்பத் திரும்ப எடுக்கும் உதாரணம் இருபது கெஜம் லினன் துணியும் ஒரு கோட்டும். துணியையும் சட்டையையும் வைத்து உலகப் பொருளாதாரத்தை விளக்கிய புத்தகத்தைத் திருப்பூரில் இருந்துகொண்டு படிப்பதில் ஒரு வசதி உண்டு. புரியாத பக்கம் வந்தால் வாசலுக்கு வந்து பார்த்தால் போதும். பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவில் அரை மணி நேரம் நில்லுங்கள். நூல் கோன் ஏற்றிய டெம்போ, துணி ரோலோடு சாயப்பட்டறைக்குப் போகும் வண்டி, அட்டைப்பெட்டி அடுக்கிய கண்டெய்னர், ஷிப்டு முடிந்த ஆட்களை அடைத்துக்கொண்டு வரும் கம்பெனி வேன் எல்லாம் உங்களைக் கடந்து போகும். கடைசியில் சொன்ன வேனில் வருவதும் ஒரு சரக்குதான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'சரக்கு' என்றதும் டாஸ்மாக் நினைவுக்கு வந்தால் தப்பில்லை தோழர்களே, அதுவும் சரக்குதான். விற்பதற்காகவே செய்யப்படும் எதுவும் சரக்கு. நம் அம்மா வீட்டில் தையல் மிஷினில் பேரனுக்குத் தைக்கும் சட்டை வெறும் சட்டை. அதே அம்மா பவர் டேபிளில் உட்கார்ந்து ஆர்டருக்குத் தைத்தால் அது சரக்கு. உடுத்தலாம், குளிர் தாங்கும் என்பது அதன் பயன்மதிப்பு. இன்னொன்றுக்கு ஈடாக மாற்றலாம் என்பது பரிமாற்ற மதிப்பு. கம்பெனிக்காரருக்கு முதலாவதைப் பற்றி அக்கறை அதிகம் கிடையாது. அவர் தைத்து அனுப்பும் குழந்தைச் சட்டையை அவர் வீட்டுக் குழந்தை போடப்போவதில்லை.

மார்க்ஸ் சொல்லும் இன்னொரு விஷயம் நமக்கு முக்கியம். சந்தைக்கு வந்த சரக்கு தன்னைச் செய்த கையைப் பற்றி வாய் திறக்காது. கடையில் தொங்கும் டி-ஷர்ட்டைப் பார்த்தால் விலை தெரியும், அளவு தெரியும், எந்த நாட்டில் செய்தது என்று தெரியும். பிசிறு வெட்டியது யார், ஒன்றரை ஷிப்டு நின்று அயர்ன் செய்தது யார் என்று தெரியாது. மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருட்களுக்கு இடையிலான உறவாக வேடம் போடுகிறது என்று இதைப் பாடம் எடுப்பார்கள். சரியான பாடம்தான். ஆனால் தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த மௌனத்துக்கு இன்னொரு முகமும் தெரிகிறது. கைமடி வேலை பார்க்கும் ஓர் அருந்ததியப் பெண் தொட்டு மடித்த பனியனை யார் வேண்டுமானாலும் உடம்போடு ஒட்டப் போட்டுக்கொள்கிறார்கள். எந்தக் குருக்களும் அதைத் தண்ணீர் தெளித்துவிட்டு அணிவதில்லை. அந்தப் பெண் அதே ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மட்டும், "நீங்க எந்த ஊரு, அங்க எந்தப் பக்கம்?" என்று விசாரணை தொடங்குகிறது. பனியனிடம் கேட்காத கேள்வியைப் பனியன் தைத்தவரிடம் கேட்கிறார்கள்.

நமக்கு முன்னால் இருக்கிற வரலாற்றுக் கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. ஒன்று சரக்காக வேண்டுமென்றால் அதற்கு உடையவர் என்று ஒருவர் வேண்டும். 'இது என்னுடையது, இந்த விலைக்குத் தருவேன், இல்லாவிட்டால் தரமாட்டேன்' என்று அவர் சொல்ல முடிய வேண்டும். எதிரில் நிற்பவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவைப் பார்த்து எழுதிய மார்க்ஸ், சந்தைக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் உடைமையாளராக மதித்தாக வேண்டும் என்று ஓர் அத்தியாயத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். கொங்கு நாட்டில் அந்த மதிப்பு யாருக்குக் கிடைத்தது?

விலை இல்லாத தோல்

பனியனுக்கு முன்னால் பருத்தி. பருத்திக்கு முன்னால் தண்ணீர். கொங்கு மேட்டுநிலத்தில் தண்ணீர் என்றால் கிணறு, கிணறு என்றால் கமலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். சாலின் அடியில் கட்டிய தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோல் இல்லாமல் ஒரு கிணறும் இறைபடாது. செத்த மாட்டை எடுத்துப் போய் உரித்து, பதப்படுத்தி, வாலாகத் தைத்துக் கொடுத்தது அருந்ததியர் மக்கள். கிழிந்தால் தைத்துத் தருவதும், பண்ணாடி வீட்டுக்குச் செருப்பு தைத்துத் தருவதும் அவர்கள் பொறுப்பு.

இதற்கு விலை என்ன? விலை கிடையாது. அறுவடைக் களத்தில் தானியமாக அளந்து போடுவார்கள். விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் குறையும். எத்தனை வள்ளம் என்பதைக் காலங்காலமான வழக்கம் சொல்லும், வழக்கத்தைப் பண்ணாடி சொல்வார். 'இந்த வருஷம் தோல் கிடைப்பது கஷ்டம், ரெண்டு வள்ளம் கூடுதலாகப் போட்டால்தான் தருவேன்' என்று ஒருவர் பேரம் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் ஊரை நினைத்து நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க் கவுண்டருக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டு வரவும் முடியாது. எந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்துக்கு என்பது பிறப்பிலேயே எழுதியிருந்தது. அந்தத் தோல் வேலையில் அத்தனை திறமை இருந்தது, அத்தனை பயன் இருந்தது. பயன்மதிப்பு மலைபோல் இருந்தும் பரிமாற்ற மதிப்பு பூஜ்யம். மார்க்சியப் பாடப்புத்தகங்களில் இதற்கு 'சரக்குப் பொருளாதாரத்துக்கு முந்தைய உறவு' என்று பெயர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஏதோ கிராமத்தில் எல்லோரும் கூடிப் பகிர்ந்து உண்டதைப் போல.

கை வேலைக்கே விலை இல்லை என்றால் உடம்புக்கு? பண்ணையாளாகக் கட்டுண்ட குடும்பத்தில் அப்பன் ஏர் ஓட்டினான், அம்மா தொழுவம் கூட்டினாள், பிள்ளை ஆடு மேய்த்தான். அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைத்தான் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' நாவலில் எழுதினார். கடனை வைத்துப் பிணைக்கப்பட்ட ஆள் தன் உழைப்பை விற்கவில்லை, ஏனென்றால் அவர் உழைப்பு அவருடையதாகவே இருக்கவில்லை. கொத்தடிமை ஒழிப்புக்கு 1975இல் அவசரச் சட்டமும் 1976இல் சட்டமும் வந்தன. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகுதான், ஒரு மனிதரைக் கடனுக்காகக் கட்டிப்போடுவது குற்றம் என்று இந்த நாடு தெளிவாகச் சட்டம் போட்டது.

இதற்கு நடுவே பருத்தி பணமாகிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவை மாவட்டத்துக்கு வந்தது. நீண்ட இழை, நல்ல விலை, ஆனால் கிணற்றுப் பாசனம் கேட்கும் பயிர். நம் மக்கள் தைத்த தோலில் இறைத்த தண்ணீரில் அது விளைந்தது. பனியன் என்ற பேச்சே எழும் முன்பு திருப்பூர் ஒரு பருத்திச் சந்தை, பஞ்சு அரைக்கும் ஆலைகள் இருந்த ஊர். உலகச் சந்தைக்குப் போன அந்தப் பஞ்சுப் பொதியின் விலையில் விதைக்கு, மாட்டுக்கு, வண்டி வாடகைக்கு, தரகுக்கு எல்லாம் கணக்கு இருந்தது. தோலுக்குக் கணக்கு இல்லை. திருப்பூரின் சரக்குச் சங்கிலியில் முதல் கண்ணி விலையே இல்லாத ஒரு பொருள். ஊரின் வளர்ச்சியைக் கொண்டாடும் மலர்களில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

பிறகு பைக்காரா வந்தது. 1930களில் நீலகிரி நீர்மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியது, ஆலைகள் ஓடின, மெல்ல மெல்லக் கிணறுகளில் மோட்டார் ஏறியது. மோட்டாருக்குத் தோல் வால் தேவையில்லை. ஒரு தொழில் போனால் அதில் சேர்த்த பணமாவது மிஞ்சும். எந்தக் காலத்திலும் விலை கிடைக்காத தொழில் போனபோது மிஞ்சியது பழைய சாதிப் பெயர் மட்டும்.

காசு இருந்தும் வாங்க முடியாதவை

விற்பதில் இப்படி என்றால் வாங்குவதில்? பணம் சாதி பார்க்காது என்பார்கள். அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' நூலின் தொடக்கப் பக்கங்களைப் புரட்டுங்கள். குஜராத்தில் ஜானு கிராமத்தில் தீண்டப்படாத பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜெய்ப்பூர் பகுதியில் சக்வாராவில் ஒருவர் தன் விருந்தில் நெய் பரிமாறினார், விருந்தாளிகளை அடித்து விரட்டினார்கள். குடமும் நெய்யும் திருடியவை அல்ல. கடையில் காசு கொடுத்து வாங்கியவை. கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டார், ஊர் பயன்படுத்த விடவில்லை.

வடநாட்டுக் கதை என்று ஆறுதல் அடைய வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. இந்தப் பட்டியலில் ஒரு தடை: ஆண்கள் கோட், சட்டை, பனியன் அணியக் கூடாது.

பனியன். திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் ஓடத் தொடங்கியது ஏறத்தாழ அதே 1920, 30களில்தான். சில அணாக்கள் பெறுகிற ஒரு வெள்ளை பனியனை எதிர்த்து ஒரு வட்டாரமே கூடித் தீர்மானம் போட்டது என்றால், அந்தச் சரக்கில் என்னவோ ஆபத்து இருந்திருக்கிறது. காசு கொடுத்தால் யாரும் போடலாம் என்பதுதான் அந்த ஆபத்து. சந்தையின் அந்தச் சின்ன சமத்துவத்தைக்கூடச் சாதி பொறுக்கவில்லை.

டீக்கடை இதன் நெருங்கிய சொந்தம். ஒரே டீ, ஒரே விலை, இரண்டு டம்ளர். கொங்குப் பகுதியில் இரட்டை டம்ளரை எதிர்த்து எத்தனை போராட்டம் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இன்று பல கடைகளில் பேப்பர் கப் வந்துவிட்டது. கப்பை எல்லோரும் குடித்துவிட்டு எறிகிறோம். பிரச்சினையும் எறியப்பட்டதாகச் சிலர் நம்புகிறார்கள்.

ஒரே உழைப்பு, இரண்டு முடிவு

இனி பனியன் கம்பெனி. 1960களிலிருந்து சுற்றுவட்டாரக் கவுண்டர் இளைஞர்கள் வேலைக்கு வந்து, தொழில் கற்று, கூட்டுச் சேர்ந்து முதலாளி ஆனார்கள். 1970களின் கடைசியில் இத்தாலியிலிருந்து வெள்ளை டி-ஷர்ட் தேடி வியாபாரி வந்தார், ஏற்றுமதி பிறந்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2024-25இல் ஏற்றுமதி ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய். இந்தக் கதையை இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள், எனவே வேகமாகக் கடக்கிறோம். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இவர்களிடம் பேசி 2004இல் ஒரு நூல் வெளியிட்டார். எப்படி முன்னேறினீர்கள் என்ற கேள்விக்கு அவர் திரும்பத் திரும்பக் கேட்ட பதில் 'உழைப்பு'. நாங்களும் மெஷின் ஓட்டினோம், ராத்திரி பகல் பார்க்கவில்லை, அதனால் வந்தோம்.

அவர்கள் உழைத்தது பொய்யில்லை. உழைக்காமல் இந்த ஊரில் யாரும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அதே மெஷினில், அதே ஒன்றரை ஷிப்டு, 1980, 90களிலிருந்து நம் மக்களும் உழைத்தார்கள். அந்த உழைப்பு கூலியாகவே நின்றுவிட்டது, மூலதனமாகவில்லை. தலித் முதலாளிகள் அறவே இல்லை என்று சொல்லவில்லை. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்கிறோம்.

காரணம் சோம்பலும் அல்ல, விதியும் அல்ல. ஒரு பவர் டேபிள் யூனிட் தொடங்க என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு மெஷின் வாங்க முதல் வேண்டும். தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றோ அடமானம் வைத்தோ அது வந்தது. தோட்டம் யாரிடம் இருந்தது? பங்காளி, மச்சான், சம்பந்தி என்று கூட்டுச் சேர ஆள் வேண்டும். நூலைக் கடனாகக் கொடுக்க ஒருவர் வேண்டும், ஜாப் ஒர்க் கொடுக்க ஒருவர் வேண்டும். பத்திரம் இல்லாமல் கொடுக்கும் அந்தக் கடனுக்கு ஈடு என்ன? "நம்ம ஆளு" என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்குப் பொருளாதாரப் பாடத்தில் 'நம்பிக்கை' என்று பெயர். சேரிக்காரர் போய் நின்றால் அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதக் கையெழுத்து தேவைப்பட்டது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலையாட்களின் பிரிவினையும்கூட என்று அம்பேத்கர் சொன்னார். திருப்பூரில் அது கடன் பிரிவினையும்கூட.

இதனால் பனியன் கம்பெனி நமக்கு எதுவும் தரவில்லை என்று நாம் எழுதினால் நம் அம்மாக்களே சிரிப்பார்கள். சனிக்கிழமை கையில் வாரச் சம்பளம். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை வேறு கம்பெனி. பண்ணாடியைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிய தலைமுறைக்குப் பிறகு, சூப்பர்வைசரிடம் 'கணக்கை முடிங்க' என்று சொல்லிவிட்டு நடந்த தலைமுறை வந்தது. உழைப்பைச் சரக்காக்குவது சுரண்டலின் தொடக்கம் என்று மார்க்ஸ் எழுதினார். விற்கவே விடாமல் பிடுங்கப்பட்டவர்களுக்கு, விற்க முடிந்ததே ஒரு விடுதலை. இரண்டும் உண்மை. இதில் ஒன்றை மட்டும் சொல்கிற தோழரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள்.

அந்த விடுதலையும் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்குப் போன தலித் குடும்பங்களைப் பாருங்கள். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதைக் கட்டி முடிக்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. புதிய தறிக்காரர் பழைய பாக்கியை அடைத்தால்தான் ஆளை எடுக்கலாம். பண்ணையம் ஒழிந்துவிட்டது என்று சொன்னவர்கள் தறிக்குடோனுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

விற்கிறவர்கள் சேர்ந்து விலை பேசிய ஒரு வருடத்தையும் மறக்கக் கூடாது. 1984இல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெற்றார்கள். அதன் பிறகு வேலை சிறு சிறு யூனிட்டுகளாகவும் காண்ட்ராக்ட்டாகவும் சிதறியது, பீஸ் ரேட் பரவியது. சிதறிய இடத்தில் சங்கம் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இன்று துண்டறிக்கை கொடுக்கப் போகும் தோழர்கள் அறிவார்கள். அந்த 127 நாள் எப்படிச் சோறு தின்றார்கள் என்பதே தனியாக எழுத வேண்டிய வரலாறு.

தண்ணீரும் தொட்டியும்

பொருளியலாளர் கார்ல் பொலானி 1944இல் ஒன்று சொன்னார். நிலம், உழைப்பு, பணம் மூன்றும் விற்பதற்காக உற்பத்தியானவை அல்ல, அவற்றைச் சரக்கு போல நடத்துவது ஒரு புனைவு, அந்தப் புனைவு சமூகத்தைச் சிதைக்கும் என்று. நொய்யல் கரையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. சாயப்பட்டறைகள் பெருகியபோது கிணறு வைத்திருந்தவர்கள் பயிரை விட்டுவிட்டு லாரித் தண்ணீர் விற்றார்கள். 2005இல் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் ஓடத் தொடங்கியது. தனியாருடன் சேர்ந்து தண்ணீரை விலைக்கு விற்கும் திட்டங்களில் இந்தியாவுக்கே அது முன்னோடி. வாங்கிய தண்ணீர் வண்ணத் தண்ணீராக நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. வழக்கில் நிலம் உள்ளவரின் நஷ்டத்துக்குப் பெயர் இருந்தது, பாசனதாரர் என்று. நிலம் இல்லாமல் அந்த நிலத்தில் கூலி இழந்தவருக்கு எந்த மனுவிலும் பெயர் இல்லை.

சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் திறந்தன. வெளியே போகாத கழிவு உள்ளே தொட்டிகளில் சேரும். சேறு படியும். அதை அள்ள ஒருவர் இறங்க வேண்டும். 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்களில் மூன்று பேர் விஷவாயுவில் இறந்தார்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் சட்டம் 2013இலிருந்து இருக்கிறது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்தியதை வரவேற்கிறோம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாங்கிக் கொடுக்கவும் போராடுகிறோம். ஆனால் இறங்கும்போது சில நூறு ரூபாய், ஏறாமல் போனால் 30 லட்சம் என்ற இந்த விலைப்பட்டியலைப் போட்டது சந்தை மட்டும் இல்லை. அந்தத் தொட்டிக்கு ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது தொட்டி கட்டும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் நின்றன. பனியன் குடோனில் காத்திருக்கும், லேபிளை வெட்டினால் காதர்பேட்டையில் செகண்ட்ஸாக ஏதோ விலைக்குப் போகும். வேலை இல்லாத புதன்கிழமையை வியாழக்கிழமை விற்க முடியாது. நிலம் உள்ளவர் ஊருக்குப் போனார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதிகளில் இருந்தவர்கள் ரயில் ஏறினார்கள். வீரபாண்டியில் வாடகை வீட்டில் இருக்கும் நம் ஆட்கள் எங்கே போவது?

வாசிப்பு வட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை. கமலைக்குத் தோல் தைத்த கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன, அடுத்த பத்தாண்டில் இருக்காது. உங்கள் அப்பாருவிடம், அமுச்சியிடம் உட்காருங்கள். எந்தத் தோட்டத்துக்குத் தைத்தார்கள், வருடத்துக்கு எத்தனை வால், எத்தனை ஜோடி செருப்பு, களத்தில் எத்தனை வள்ளம் அளந்தார்கள், எந்த வருடம் அளக்கவில்லை, மோட்டார் எந்த வருடம் வந்தது என்று கேளுங்கள். தேதி போட்டு, ஊர்ப் பெயர் போட்டு எழுதி வையுங்கள். அன்றைய பருத்தி விலை பழைய ஆவணங்களில் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நாம் கணக்குப் போடுவோம்.